சொல்லின் வேரைத் தேடியவர்: சர் ஜேம்ஸ் மர்ரே

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று வினவுவது எளிது; அதற்குச் சான்றோடு விடை கூறுவது அரிது. தொல்காப்பியர் செய்யுட் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்த காலத்திலேயே, ஒரு மொழியில் வழங்கும் சொற்கள் யாவும் ஓரிடத்துப் பிறந்தவை அல்ல என்னும் தெளிவு தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் அத்தெளிவு வேறொரு வகையில் முழுமை பெற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எவர் எழுத்தில், எந்த வடிவில், எந்தப் பொருளில் முதன்முதலாகத் தோன்றியது என்று தேடி, அதன் முன்னோரை வரிசைப்படுத்தி எழுதும் பெரும்பணி அது. அப்பணிக்குத் தம் வாழ்நாளில் முப்பத்தாறு ஆண்டுகளை ஈந்தவர் சர் ஜேம்ஸ் மர்ரே. பல்கலைக்கழகத்தில் ஒரு நாளேனும் மாணவராக அமராத தையற்காரர் மகன் ஒருவர், ஆக்ஸ்போர்டின் பெயரால் வழங்கும் அகராதியின் தந்தையானார் என்பது அறிவுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், ஹாயிக் நகருக்கு அருகே உள்ள டென்ஹோம் என்னும் சிற்றூரில் 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மர்ரே பிறந்தார். தந்தை தாமஸ் தையல் தொழில் செய்தவர். இவ்வூருக்கும் தமிழகத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கவிஞரும் பன்மொழி அறிஞருமான ஜான் லெய்டன் இவ்வூரிலேயே பிறந்தவர். 1803இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, இந்திய மொழிகள் பலவற்றைக் கற்று, 1811இல் ஜாவாவில் மறைந்தவர். வறிய குடியிற் பிறந்தும் மொழிகளை வேட்டையாடி வென்றவர் ஒருவர் தம் ஊரில் இருந்தார் என்பது, அடுத்த தலைமுறையில் அங்கே பிறந்த பிள்ளைக்குக் கிடைத்த முதற்செல்வம் எனலாம்.

பதினான்கு வயதோடு மர்ரேயின் பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்கப் பொருள் இல்லை. ஆனால் கையில் அகப்பட்ட நூலையெல்லாம் படித்தார். கற்பாறை, செடிகொடி, விண்மீன், பழங்காசு, பழங்கல்லறை என எதையும் விட்டுவைத்தாரில்லை. ஊர்ப் பசுக்களை இலத்தீன் சொற்களால் அழைத்துப் பழக்க முயன்றார் என்றொரு வேடிக்கைச் செய்தியும் வழங்குகிறது. பதினேழு வயதில் ஹாயிக்கில் துணையாசிரியர். இருபது வயதில் அந்நகரின் வேறொரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். பெற்றோர் இட்ட பெயர் ஜேம்ஸ் மட்டுமே. அப்பகுதியில் ஜேம்ஸ் மர்ரேக்கள் பலர் இருந்தமையால் அகஸ்டஸ், ஹென்றி என்னும் இரு பெயர்களைத் தாமே சேர்த்துக்கொண்டார். பின்னாளில் இலட்சக்கணக்கான சொற்களைத் தனித்தனியே அடையாளம் காட்டப் போகிறவர் முதலில் தம் பெயருக்கே அடையாளம் தேடினார்!

1862இல் மேகி ஸ்காட் என்னும் இசையாசிரியையை மணந்தார். அடுத்து வந்தவை துயர நாட்கள். பிறந்த பெண்குழந்தை சில மாதங்களில் மாண்டது. மனைவியைக் காசநோய் பற்றியது. ஸ்காட்லாந்தின் குளிரை விட்டு நீங்க வேண்டும் என்று மருத்துவர் கூறவே, தாம் விரும்பிய ஆசிரியப் பணியை உதறிவிட்டு லண்டன் சென்றார். இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளோடு வணிகம் நடத்திய சார்ட்டர்டு வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். லண்டன் வந்த ஓராண்டுக்குள் மேகி மறைந்தார். 1867இல் ஏடா ரத்வெனை மணந்தபோது மாப்பிள்ளைத் தோழராக நின்றவர், பிற்காலத்தில் தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல். பெல்லுக்கு மின்னியலின் தொடக்கப் பாடங்களைச் சொல்லித் தந்தவர் மர்ரே.

வங்கிக் கணக்கேடுகளுக்கு நடுவிலும் மொழிப் பயிற்சி ஓயவில்லை. 1866இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பணிக்கு விண்ணப்பித்த மர்ரே, தமக்குத் தெரிந்த மொழிகளை அதில் அடுக்கினார். இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலியவற்றோடு பழைய ஆங்கிலம், காதிக், ஹீப்ரு, சிரியாக், பாரசீகம், சமஸ்கிருதம் எனப் பட்டியல் நீண்டது. எதை நன்கறிவார், எதை ஓரளவே அறிவார் என்பதையும் ஒளிக்காமல் குறித்திருந்தார். வேலை கிடைக்கவில்லை. அறிவு இருந்தது, பட்டம் இல்லை. ஆயினும் லண்டன் மொழிநூற் கழகத்தார் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். 1870இல் மில்ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். தம் சொந்த மண்ணின் பேச்சுமொழியைப் பற்றி 1873இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூல் வட்டார வழக்காய்வில் ஒரு வழிகாட்டி. அடுத்த ஆண்டு எடின்பரோப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

மர்ரே கையேற்குமுன்பே அகராதிக்கு இருபதாண்டு வரலாறு இருந்தது. அன்று வழங்கிய ஆங்கில அகராதிகளின் குறைகளை 1857இல் டிரெஞ்ச் என்னும் சமய அறிஞர் மொழிநூற் கழகத்தில் எடுத்துரைத்தார். சொல்லின் வரலாற்றை, அது பிறந்த நாள் தொட்டு, நூற்சான்றுகளால் காட்டும் அகராதி வேண்டும் என்று கழகம் துணிந்தது. முதற் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ்; பெருங்கவிஞர் கோல்ரிட்ஜின் பெயரர். முப்பது வயதிலேயே, 1861இல் அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்த பர்னிவால் உற்சாகம் மிக்கவர், ஒழுங்கு குறைந்தவர். 1879இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு உடன்பாடு கையெழுத்தாகி, மர்ரே பதிப்பாசிரியரானபோது, பர்னிவாலிடமிருந்து வந்து சேர்ந்த மேற்கோள் சீட்டுகள் ஏறத்தாழ இரண்டு டன் எடை. ஒரு சாக்கில் செத்த எலி. இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலியும் அதன் குடும்பமும். எச் எழுத்துச் சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்சில் கிடந்தன. பி எழுத்தின் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டடியில் கண்டெடுக்கப்பட்டது. பெரும்பகுதியை அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்திவிட்டிருந்தார்கள். ஓலைச் சுவடிகள் அடுப்பிற்கும் ஆற்றிற்கும் போன வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இது புதிய கதை அன்று.

பள்ளி வளாகத்தில் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. எழுத்தறை எனப் பொருள்படும் ஸ்கிரிப்டோரியம் என்று அதற்குப் பெயர். சுவர் நெடுக 1,029 சிறு மாடங்கள். ஆங்கிலம் படிப்போர் அனைவருக்கும் மர்ரே வேண்டுகோள் விடுத்தார்: நூல்களைப் படியுங்கள், ஒரு சொல் ஒரு பொருளில் வரும் தொடரை, நூற்பெயரும் ஆண்டும் பக்கமும் குறித்து, ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். நூற்றுக்கணக்கானோர் அனுப்பினர். நாளொன்றுக்கு ஆயிரம் சீட்டுகள் வந்து குவிந்தன. அகரவரிசையில் சீட்டுகளைப் பிரிக்கும் வேலை மர்ரேயின் பிள்ளைகளுக்கு. அதற்குச் சிறு கைக்காசு. ஏடாவுக்கும் அவருக்கும் பிள்ளைகள் பதினொருவர். எல்சி, ராஸ்பிரித் என்னும் பெண்மக்கள் பின்னர் அகராதி அலுவலகத்திலேயே பணியாற்றினர். அத்தனை பெரிய குடும்பத்தையும் சீட்டு மலையையும் ஒருசேரத் தாங்கி நின்ற ஏடாவின் பெயர் அகராதியின் முகப்பேட்டில் இல்லை. எடித் தாம்சன் போன்று சீட்டெழுதியும் அச்சுப்படி திருத்தியும் உதவிய பெண்கள் பலரின் பெயர்கள் முன்னுரைகளின் சிற்றெழுத்தில் மட்டும் இருக்கின்றன.

மர்ரேயின் முறை யாது? ஏப்ரிகாட் என்னும் பழப்பெயரைக் காண்போம். வெயிற்பட்ட இடத்திற் கனிந்தது எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து அது பிறந்தது என்று பழைய அகராதியாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருந்தார். கேட்க இனிமையான விளக்கம், ஆனால் கற்பனை. சொல்லின் பழைய வடிவங்களை ஆண்டுவாரியாக அடுக்கியபோது உண்மை வெளிப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் ஆங்கிலத்தில் அதன் ஈறு காக் என்று ஒலித்தது. அவ்வடிவத்தைப் பின்பற்றிச் சென்றால் போர்த்துக்கீசிய, ஸ்பானியச் சொற்கள். அவற்றின் பின்னே அல்பர்கூக் என்னும் அரபுச் சொல். அதன் முதலில் நிற்கும் அல் அரபு மொழியின் சுட்டு. எஞ்சியது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்திற்கோ அது இலத்தீனிலிருந்து, முன்பழுத்தது என்னும் பொருளில், போன கடன். ரோமாபுரியிலிருந்து புறப்பட்ட சொல் கிழக்கே கிரேக்கம் போய், அரபியர் வாய்ப்பட்டு, ஸ்பெயின் வழியே மேற்கே திரும்பி இங்கிலாந்தை அடைந்திருக்கிறது. பிரெஞ்சு வடிவம் குறுக்கிட்டு ஈற்றை மாற்றியது. ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்துச் சான்று வேண்டும் என்பதே மர்ரேயின் விதி.

ஏப்ரன் என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. சமையலறையில் உடைமேல் அணியும் அத்துணிக்கு முதலில் நேப்ரன் என்றே பெயர். பழைய பிரெஞ்சில் துணியைக் குறித்த சொல்லின் வழி வந்தது அது. ஆங்கிலத்தில் ஒன்று என்னும் பொருளில் முன்னிற்கும் அ, உயிரெழுத்து வருமிடத்து அன் ஆகும். அ நேப்ரன் என்பதைக் கேட்டவர்கள் அன் ஏப்ரன் என்று பிரித்துக்கொண்டார்கள். சொல்லின் தலை துண்டானது. நச்சுப் பாம்பொன்றின் பெயராகிய ஆடர் என்பதும் இவ்வாறே நகரத்தை இழந்தது. புணர்ச்சி விதிகளை உயிர்போலப் போற்றும் தமிழ்ப் புலவர், பிழையாகப் பிரித்ததே நிலைபெற்றுவிட்ட இவ்விந்தையை நன்கு சுவைப்பர்.

ஆரஞ்சு என்னும் சொல் தமிழருக்கு மிகவும் நெருக்கமானது. ஓ எழுத்தும் மர்ரே தாமே பதிப்பித்தது. ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முன்னிருந்த நகரம், ஏப்ரன் இழந்த முறையிலேயே, முன்னிற்கும் சொல்லோடு ஒட்டி மறைந்தது. பொன்னைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சாயலும் அதற்குத் துணைபோனது. ஸ்பானியம் மட்டும் நரஞ்சா என அந்நகரத்தை இன்றும் காத்து நிற்கிறது. அதற்கு மூலம் அரபு நாரஞ்சு. அதற்குமுன் பாரசீக நாரங்கு. அதற்குமுன் சமஸ்கிருத நாரங்கம். இதற்கும் அப்பால் திராவிட மூலம் உண்டு என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தமிழின் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் இச்சொல்லின் உறவினர். ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் நாரத்தங்காய்க்கு ஆங்கிலத்தில் இத்தகைய உறவு இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அம்மகிழ்ச்சியையும் சான்றால் அளப்பதுதான் மர்ரே காட்டிய நெறி.

வேறு தமிழ்ச் சொற்களும் அவர் கையில் தவழ்ந்தவையே. ஏ முதல் டி வரை, எச் முதல் கே வரை, ஓ, பி, டி எனத் தொடங்கும் பகுதிகள் அவருடையவை. ஆதலால் ஆங்கிலத்தில் குடியேறிய கட்டுமரம், சுருட்டு, கறி, கயிறு, தேக்கு ஆகியவற்றின் பிறப்புக் கணக்கை எழுதும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. பறையர் என்னும் பெயரினின்று ஆங்கிலம் படைத்துக்கொண்ட சொல்லும் அவற்றுள் ஒன்று. ஐந்திணைக்கும் கருப்பொருளாக நின்ற இசைக்கருவி பறை. அதனோடு தொடர்புடைய மக்கட்பெயரை ஐரோப்பியர் கொண்டுபோய், யாவராலும் ஒதுக்கப்பட்டவர் என்னும் பொதுப்பொருளில் வழங்கினர். சொல்லின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதும்போது, அச்சொல்லை இழிவுபடுத்தியவர் எவர் என்பதும் உடன் பதிவாகிவிடுகிறது. எந்த அறநூலும் செய்யாத சாட்சியத்தை ஓர் அகராதி செய்யும் இடம் அது.

மர்ரேயின் பெருமை கண்டுபிடித்த வேர்களில் மட்டும் இல்லை. தெரியவில்லை என்று எழுதியதிலும் இருக்கிறது. ஆங்கிலேயர் வீட்டு வாயிலில் கிடக்கும் நாய்க்கு டாக் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அரிதாகவே காணப்படும் அச்சொல்லுக்குப் பிற செருமானிய மொழிகளில் உடன்பிறப்பு இல்லை. அதன் மூலம் தெரியாது. சிறுவனைக் குறிக்கும் பாய், பெரியது என்னும் பொருள்தரும் பிக் ஆகியவையும் அத்தகையனவே. நாள்தோறும் நாவில் புரளும் சொற்களுக்கே வேர் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்குத் துணிவு வேண்டும். ஒலியொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு உலகத்துச் சொற்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் வேர் காட்டிவிடும் ஆர்வம் இங்கிலாந்திலும் இருந்தது, தமிழ்நாட்டிலும் குறைவில்லை. மேடையில் அது கைதட்டல் பெறும். அகராதியில் அதற்கு இடமில்லை. ஒரு சொல்லின் பிறப்பை மூன்று மணி நேரத்தில் முடிக்க இயலாவிடில் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார் என்று மர்ரேயின் நண்பர் ஸ்கீட்டைப் பற்றிச் சொல்வதுண்டு. மர்ரேயோ ஒரு சொல்லுக்காகத் தொழில் வல்லுநர், தோட்டக்கலைஞர், கவிஞர் எனப் பலர்க்கும் மடல் எழுதி விடைக்குக் காத்திருப்பார்.

காத்திருப்பதற்கு அச்சகம் அணியமாக இல்லை. பத்தாண்டில் நான்கு தொகுதிகளாக ஏறத்தாழ 7,000 பக்கங்களில் முடியும் என்று போட்ட கணக்கு, ஐந்தாம் ஆண்டிலேயே பொய்த்தது. 1884இல் வெளிவந்த முதற்பகுதி 352 பக்கம். அது எறும்பைக் குறிக்கும் ஆன்ட் என்னும் சொல்வரை மட்டுமே சென்றிருந்தது. ஆக்ஸ்போர்டில் செல்வாக்கு மிக்க கல்லூரித் தலைவராகிய ஜோவெட்டும் அவரைச் சார்ந்தோரும், செய்தித்தாள் மேற்கோள்களைத் தவிர்க்க வேண்டும், அறிவியற் சொற்களைக் குறைக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்து அனுப்பினர், முன்னுரையிலும் கைவைத்தனர். மர்ரே பதவி துறக்கும் நிலைக்குப் போனார். பேச்சுவார்த்தைக்குப் பின் அவர் முறையே நின்றது. ஆயினும், வெப்ஸ்டர் அகராதியைப் போல் இத்தனை மடங்குக்கு மேற்போகலாகாது என்னும் நெருக்கடி 1896இலும் எழுந்தது. விரைவு வேண்டினால் சான்றைக் குறைக்க வேண்டும். சான்றைக் குறைத்தால் அது வேறோர் அகராதி. இவ்விரண்டிற்கும் இடையே கிழிபட்டதே அவருடைய எஞ்சிய வாழ்வு.

1885இல் ஆசிரியப் பணியை முற்றும் விடுத்து ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தார். பான்பரிச் சாலை 78ஆம் எண் வீட்டுத் தோட்டத்தில் புதிய கொட்டகை எழுந்தது. பார்வைக்கு அழகில்லை என்று அண்டைவீட்டார் மறுக்கவே, தரையைத் தோண்டிப் பாதி புதைந்தாற்போல் அதை அமைக்க நேர்ந்தது. குளிர்காலத்தில் ஈரமும் சளியும் அங்கிருந்தோரை வாட்டின. எடின்பரோ வழங்கிய முனைவர் தொப்பியை அணிந்தபடி அவர் அங்கே நாள் முழுதும் உழைத்தார். மர்ரே, ஆக்ஸ்போர்டு என்று மட்டும் எழுதிய மடலும் தவறாமல் வந்து சேரும். அவர் வீட்டு வாயிலில் அஞ்சல் துறை தனியே ஓர் அஞ்சற்பெட்டியை நிறுவியது. ஊர் அறிந்திருந்தது, பல்கலைக்கழகம் ஏனோ நெடுநாள் அறியாததுபோல் இருந்தது.

அஞ்சலில் வந்த உதவிகளுள் இருவர் செய்தவை தனித்து நிற்பன. ஒருவர் மைனர் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். மனம் பிறழ்ந்த நிலையில் 1872இல் லண்டனில் ஒருவரைச் சுட்டுக்கொன்று, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். அங்கே தம் அறையில் சேர்த்த பழநூல்களிலிருந்து பல்லாயிரம் மேற்கோள்கள் அனுப்பினார். அவர் கதை இன்று திரைப்படம்வரை புகழ்பெற்றுவிட்டது. மற்றவர் பிட்ஸ்எட்வர்ட் ஹால். காசியில் சமஸ்கிருதம் கற்பித்துப் பழநூல்களைப் பதிப்பித்தவர்; லண்டனிலும் பேராசிரியர். உடன் பணியாற்றியோரோடு பூசல் கொண்டு ஒரு சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்த அவர், இருபதாண்டுக் காலம், நாளுக்கு நான்கு மணி நேரம் அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்தி வந்தார். மர்ரேயை அவர் ஒருமுறையும் நேரிற் கண்டதில்லை. கதையாக விரிப்பதற்கு மைனர் ஏற்றவர். அகராதிக்குச் செய்த தொண்டை நோக்கின் ஹாலும் அவருக்குக் குறைந்தவரல்லர்.

தவறுகளும் நேர்ந்தன. அடிமைப்பெண் என்னும் பொருள்தரும் பாண்ட்மெய்ட் என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப்போக, பி தொகுதி அச்சொல் இல்லாமலே வெளிவந்தது. 1901இல் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியபோதுதான் தெரியவந்தது. மர்ரே பெரிதும் வருந்தினார். 1933இன் துணைத்தொகுதியில் அது சேர்ந்தது. ஏவல் செய்தவளின் பெயர்தான் விடுபட வேண்டுமா என்று எண்ணத் தோன்றுகிறது.

1888இல் ஹென்றி பிராட்லியும் 1901இல் கிரெய்கியும் தனித்தனிப் பதிப்பாசிரியராக இணைந்தபின் பணி விரைந்தது. 1908இல் அரசு சர் பட்டம் வழங்கியது. ஆக்ஸ்போர்டு தன் மதிப்புறு முனைவர் பட்டத்தை வழங்கிய ஆண்டு 1914. அவர் அந்நகருக்கு வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. கேம்பிரிட்ஜ் அதற்குமுன்பே பட்டம் அளித்திருந்தது. எண்பதாம் பிறந்தநாளில், அதாவது 1917இல், அகராதியை முடித்துக் காண வேண்டும் என்பது மர்ரேயின் ஆசை. போர் வந்தது, துணைவர்கள் பலர் போர்க்களம் சென்றனர். நோயுற்ற நிலையிலும் டி எழுத்தின் பிற்பகுதியில் உழைத்துக்கொண்டிருந்த மர்ரே, 1915ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மறைந்தார்.

அகராதி 1928இல் நிறைவெய்தியது. 15,490 பக்கம், 4,14,825 சொற்கள், பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஏறத்தாழப் பாதி மர்ரேயின் கைப்பட்டது. உல்வர்கோட் இடுகாட்டில், சீன மொழிச் செம்மல் ஜேம்ஸ் லெக்கின் கல்லறைக்கு அருகே, மர்ரேயின் விருப்பப்படியே அவரை அடக்கம் செய்தார்கள். நண்பர் இருவரும் ஸ்காட்லாந்திலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு வந்தவர்கள்.